விதைக் கிடங்கின் கதவு

— விதைக் கிடங்கை மட்டும் புதுப்பிக்கிற பட்டியல்ல இருந்து எடுத்துடுடா. மத்த எல்லாத்துக்கும் இப்பவே கையெழுத்துப் போடுறேன்.

— இதைக் கமிட்டித் தலைவியா சொல்றியா, என் அக்காவா சொல்றியா?

— ரெண்டுமாத்தான். பொதுச் சமையக்கூடம் இருக்கட்டும். மாட்டுக்கொட்டகை இருக்கட்டும். ரோஜாப் பாத்தி, எலுமிச்சைத் தோட்டம், எல்லாத்தையும் பழையபடி கொண்டு வா. அது மட்டும் வேண்டாம், இடிச்சுடு.

— இந்தக் கூட்டுப்பண்ணையில உருப்படியா நிக்கிற கட்டடமே அது ஒண்ணுதான்க்கா. ஒரு முழ அகலத்துக்குச் சுவரு. சுண்ணாம்புச் சாந்து ஒரு இடத்துலகூட விட்டுப்போகலை. சமையக்கூடத்துக் கூரையைப் பாரு, காக்கா உக்காந்தாலே ஓடு சரியுது. அதுக்கு முட்டுக் குடுப்பியாம், இதை இடிப்பியாம். நல்ல நியாயம் போ!

— வளவளன்னு பேசாதே. இடிச்சுட்டு அந்த இடத்துல செடி வை.

— என்ன செடி?

— என்னமோ ஒண்ணு. முள்ளு இல்லாததா வை.

— பூச்சி புகக்கூடாதுன்னு எவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டியிருக்காங்க தெரியுமா? உள்ள பூராத் தகரம். கதவு ஓரத்துல கம்பளிப் பட்டை. சாத்தினா காத்துகூட...

— போதும்டா! காத்துகூடப் போகாதுன்னு எனக்கு நீ சொல்லணுமா?

— மன்னிச்சுக்கக்கா. வாய் தவறி வந்துடுச்சு. நாப்பது வருஷம் ஆச்சே.

— எனக்குத்தான் அம்பத்தொண்ணு ஆச்சு. நம்ம குட்டித் தம்பிக்கு இன்னும் அஞ்சுதான்.

— அன்னிக்கு விடியற வரைக்கும் ஒருத்தர்கூட அவனைத் தேடலை. அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

— யாரைத் திட்டுறது? பதினெட்டுக் குடும்பம், ஒரே அடுப்பு. பிள்ளைங்க எந்த வீட்டுல படுக்குதோ அதுதான் அன்னிக்கு அதுங்க வீடு. என் பிள்ளை எங்கேன்னு கேட்டாலே பண்ணையில தப்பு. கணக்கு வாத்தியார் வீட்டுல தூங்குறான்னு அம்மா நினைச்சாங்க. அம்மாகிட்ட இருக்கான்னு வாத்தியார் நினைச்சார்.

— காலையில கிடங்குக்காரர் விதை எடுக்கப் போய்...

— சொல்லாதே.

— பழி பூரா அவர் தலையிலதானே விழுந்துச்சு. முந்தின சாயங்காலம் உள்ள எட்டிக்கூடப் பாக்காம வெளிக்கொண்டியை மாட்டிட்டுப் போயிட்டாருன்னு. நான் வந்தப்பவே மாட்டியிருந்துச்சு, நான் மாட்டலைன்னு மனுஷன் அடிச்சு சத்தியம் பண்ணார். யாரு கேட்டா?

— பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனவர் போனவர்தான். நான் பேசாம பாத்துக்கிட்டு நின்னேன்டா. ஏன் தெரியுமா? கண்ணாமூச்சி ஆட்டத்துல குட்டியை அங்க ஒளியச் சொன்னது நான். தோள் குடுத்துக் கதவைச் சாத்தினதும் நான்.

— அக்கா...

— முழுசாக் கேளு. அந்தக் கனத்தை அவனால தள்ள முடியுமா? கொண்டி மாட்டாம இருந்திருந்தாலும் அவன் போயிருப்பான். கல்யாணம் ஆகி எத்தனை ஊர் மாறிட்டேன். எந்த வீட்டுல கதவைச் சாத்தினாலும் உள்ள இருந்து தட்டுற சத்தம் கேக்குது. சின்னக் கை. பயமா இருக்குடா. அதை இடிச்சாலாவது நிக்குதான்னு பாக்கணும்.

— நிக்காதுக்கா. எனக்கும் கேக்குது.

— உனக்கா?

— அதுக்குத்தான் தினம் விடிஞ்சதும் போய்க் கதவைத் திறந்து வச்சுட்டு, வெயில் ஏறுற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருக்கேன். எனக்கு மறை கழண்டுடுச்சுன்னு தோட்டக்காரங்க சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். நீ இடிச்சுட்டா நான் எதைத் திறக்கிறது?

— நீ ஏன்டா திறக்கணும்? தப்பு என்னோடது. உனக்கு அப்போ எட்டு வயசு. நீ அந்தப் பக்கமே வரலையே.

— வந்தேன்க்கா.

— எப்போ?

— நீ சாத்திட்டுப் போன கொஞ்ச நேரத்துல. அவன் உதைச்சு உதைச்சுக் கதவைத் திறந்துட்டான். வெளிய வந்து என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே நின்னான்.

— என்னடா சொல்றே? அப்புறம்?

— இன்னொரு ஆட்டம் ஒளிஞ்சுக்கோன்னு திரும்ப உள்ள அனுப்பி, கொண்டியை மாட்டினேன். அப்போ பாத்து சாப்பாட்டு மணி அடிச்சது, பசியில ஓடிட்டேன்.