படத்தில் இருந்த முகம்

முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பி, நாடியைக் கொஞ்சம் கீழே கொண்டுவந்தால் யாரும் ஒரு சுற்று மெலிந்து தெரிவார்கள், சேர். நீங்களும்தான். உங்கள் பொலிஸ் அடையாள அட்டைப் படத்தை எடுத்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை, குறை நினைக்காதீர்கள்.

உள்துறைமுக வீதியில் என் ஸ்டூடியோவுக்குப் பதினொரு வருடம். கிண்ணியா, மூதூர்க் கல்யாணங்களில் பெண் அறைக்குள் ஆண் கெமராக்காரரை விடமாட்டார்கள். படத்துக்கும் மணப்பெண் அலங்காரத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுஹைரா எடுத்தால் யாரும் அழகிதான் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

போன வருடம் கிண்ணியா இன்ஷிராவை, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காகப் படம் எடுத்தேன். சிறுநீரக வருத்தத்துக்கு ஸ்டெராயிட் குளிசை குடிக்கிற பிள்ளை. குளிசையால் கன்னம் இரண்டும் ஊதியிருந்தன. கணினியில் குறைத்தேன், கொஞ்சம் தாராளமாகவே. வருத்தத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தார்கள். முகத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கட்டாரில் வேலை செய்யும் ஹஸ்மி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தார். நிக்காஹ்வுக்கு முன் வீடியோவில் கதைக்க அவளுடைய வாப்பா விடவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது உடுப்புப் போட்டுப் பார்க்க வந்தாள். கண்ணாடியைப் பார்த்ததும் கதிரையில் இருந்து அழுதாள்.

"ராத்தா, அவர் நேர்ல கண்டா என்ன சொல்லுவாரோ? இது வேற பொம்புளை எண்டு சொன்னா?"

சபையில் மாப்பிள்ளை அப்படிக் கேட்டால் என் பெயர் நாறிப்போகும். படம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதை மாற்ற முடியாது. முகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

"குளிசையைக் கொஞ்ச நாளைக்கு விடேலாதா?" என்று கேட்டேன்.

"ஐயோ, சட்டெண்டு நிப்பாட்டினா உயிருக்கே மோசமாம். டொக்டர் நூறு தரம் சொல்லிட்டார்."

போகுமிடமெல்லாம் குளிசைப் போத்தலைக் கைப்பையில் கொண்டுதிரிவாள். முகம் கழுவப் போனபோது ஒரு குளிசையை எடுத்துவைத்தேன். அதே அளவில் வெள்ளை விட்டமின் குளிசை பாமசியில் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து மேக்கப் பார்க்க வந்தபோது பழையதைக் கொட்டிவிட்டு இதை நிரப்பினேன்.

மூன்று கிழமையில் கன்னம் வற்றிவிட்டது. அவளே கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு அவளுடைய தாய் பரீதா போனில் அழைத்தார். பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை, சத்தி எடுக்கிறாள், டொக்டரிடம் கொண்டுபோகப் போகிறேன் என்றார்.

"கல்யாணப் பயம், ராத்தா. ரெண்டு நாள்தானே கிடக்கு, ஊசி குத்தி முகத்தைக் கெடுத்துப்போடாதீங்க" என்றேன். நல்ல மனுஷி, என் பேச்சைக் கேட்டார்.

கல்யாணத்தன்று மண்டபத்துப் பெண் அறையில் அவள் உதடு வெளிறியிருந்தது. சாயம் பூசிச் சரிசெய்தேன். கை ஐஸாகக் குளிர்ந்தது, ஆனால் அது படத்தில் தெரியாது.

"ராத்தா, கண் இருட்டுது. நிக்க ஏலாது."

"அஞ்சே நிமிஷம், தங்கச்சி. அவர் வாறார்."

ஹஸ்மி வந்து மாலை போட்டார். அதன் பிறகுதான் சரிந்தாள். கெமராவை நான் இறக்குவதற்குள் கை மூன்று படம் எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மௌத்தாகிவிட்டாள்.

குளிசையை மாற்றியது யார் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். நான்தான். நிறுத்தினால் உயிர் போகலாம் என்று அவள் வாயால் கேட்டுவிட்டுத்தான் மாற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவளுக்குக் கெடுதல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சேர். மாலை போடுமுன் ஹஸ்மி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "படத்தில இருந்த மாதிரியே இருக்கிறீங்க" என்றார்.

அதைக் கேட்கும்போது அவள் உயிரோடுதான் இருந்தாள்.