நிமிர்த்தி உட்கார வையுங்கள்

என் மூச்சு வாங்கும் பேச்சுக்கும் நேரம் ஒதுக்கித் தந்த பணிமனைத் தலைவர் அவர்களே, சக்கரங்களோடு உழன்று ஓய்ந்த மூத்த ஓட்டுநர்களே, நடத்துநர்களே, அவர்கள் வீடு திரும்பும்வரை வாசலிலேயே கண் வைத்திருக்கும் தாய்மார்களே, தங்கைகளே! இரு கரம் கூப்பி வணங்குகிறேன் என்பது மேடை மரபு. என் கரங்கள் கூப்பாது. கூப்பாத கரத்தோடு, குறையாத அன்போடு வணங்குகிறேன்.

படிக்கட்டில் சக்கர நாற்காலி ஏறாது என்பதால் நாலு பேர் என்னைத் தூக்கி மேடையேற்றினார்கள். நாலு பேர் தூக்குவது என்றால் நம் மொழியில் வேறு பொருள் உண்டு. சிரிக்கலாம் ஐயா, சிரியுங்கள். நானே சிரித்துக்கொண்டுதான் ஏறினேன்.

உங்கள் பேருந்துகளுக்கு ஊர்ப் பலகை எழுதியவன் நான். ஏணி சறுக்கியது, கழுத்து முறிந்தது. மருத்துவமனையில் எனக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவரை நீங்கள் அறிவீர்கள். ஹாரன் என்று நீங்கள் பட்டம் சூட்டிய ஓட்டுநர். பேருந்தின் கூரையில் மூட்டை கட்டப் போய்க் கால் தவறியவர். அவர் பேசினால் அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும். கையும் காலும் போன பிறகும் அந்தக் குரல் மட்டும் போகவில்லை. "வாயுள்ள பிள்ளை பொழைச்சுக்கும்டா, கவலைப்படாதே" என்று எனக்கு அவர்தான் தைரியம் சொன்னார்.

பிழைத்தாரா? பிழைக்க விட்டோமா?

கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால் மூளையின் சேதி கைகால்களுக்கு இறங்காது. கீழே நடக்கும் சேதியும் மேலே ஏறாது. எங்களுக்குப் பொருத்தியிருக்கும் சிறுநீர்க் குழாய் மடங்கி உள்ளே நிரம்பினால், உங்களுக்கு முட்டும், எங்களுக்குத் தெரியாது. ஆனால் உடம்பு சும்மா இருக்காது. இரத்த அழுத்தம் எகிறும். தலை இடிக்கும். முகம் சிவக்கும். நெற்றி வியர்க்கும். அது வெறும் தலைவலி அல்ல, அது உடம்பு எழுப்பும் அபாயக் குரல்.

ஹாரன் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள், அவர் மனைவி வேலைக்குப் போயிருந்தார். அவரைப் பார்க்க உறவினர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு இருந்தவர் ஹாரனுடைய தங்கையின் கணவர். சிறுநீர்ப் பை கட்டிலோரம் தொங்குவதை நாலு பேர் பார்த்தால் மச்சானுக்கு மானக்கேடு என்று நினைத்தார். பையை எடுத்து மெத்தைமேல் வைத்து, குழாயைத் தொடைக்கு அடியில் செருகி, போர்வையால் மூடினார். மானத்தை மூடினார், குழாயும் மடங்கியது.

உறவினர்கள் வந்தார்கள். ஹாரனுக்கு வியர்த்தது.

"தலை வெடிக்குது. என்னை நிமித்தி உக்கார வைங்க."

"பேசாம படுங்க மச்சான். ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்."

"படுக்க வைக்காதீங்க. குழாயைப் பாருங்க."

"அதெல்லாம் நான் பாத்துட்டேன். வந்தவங்க முன்னாடி குழாய் அது இதுன்னு பேசாதீங்க."

முதுகுக்கு முட்டாக இருந்த தலையணையையும் உருவி, மட்டமாகப் படுக்க வைத்து, ஒரு மாத்திரையும் கொடுத்து, கதவைச் சாத்தினார்கள். உள்ளேயிருந்து ஹாரன் கத்தினார். "வலியில புலம்புறாரு, பாவம்" என்று வெளியே உச்சுக்கொட்டினார்கள். மனைவி வந்து கதவைத் திறந்தபோது குரல் நின்றிருந்தது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது.

அன்பில்லாமலா செய்தார்கள்? அள்ளி அள்ளி அன்பிருந்தது. அவருக்கு வாய் இருந்தது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கேட்க ஒரு காது இல்லை. கைகால் விழுந்தவனுக்குப் புத்தியும் விழுந்துவிட்டது என்று யார் உங்களுக்குச் சொன்னது? இன்றைக்கும் என் எதிரிலேயே என் மனைவியிடம், "சாப்பிட்டாரா?" என்று கேட்கிறீர்களே, என்னிடம் கேட்டால் என்ன? எனக்குக் கோபம் வருகிறது. என்னிடம் மிச்சமிருப்பது பேச்சு ஒன்றுதான், அதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யாரவர் என்று கேட்கிறீர்களா அம்மா? அந்தத் தங்கை கணவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். திரும்பித் தேடாதீர்கள். அவர்தான் என் வீட்டுக்கு வந்து, "நடந்ததை மேடையில சொல்லுங்க. இன்னொரு வீட்டுல கதவைச் சாத்திடக் கூடாது" என்று கேட்டுக்கொண்டவர்.

ஆகவே சொல்லுங்கள். என்னைப் போன்ற ஒருவன் தலை இடிக்கிறது என்றால் என்ன செய்வீர்கள்? மாத்திரையா? இல்லை தம்பி. படுக்க வைப்பதா? அதுதான் கொன்றது. வேறு யார்?

கேட்டது. பின்வரிசையிலிருந்து வந்த குரல் கேட்டது. "நிமித்தி உக்கார வைக்கணும்." ஆம் ஐயா. நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். இறுக்கமான துணியைத் தளர்த்த வேண்டும். குழாய் மடிப்பை எடுத்து, பையைக் கீழே தொங்கவிட வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் அந்தக் கணமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், அவன் சொல்வதைக் கேட்க வேண்டும்.

உட்காருங்கள் ஐயா, அழாதீர்கள். இன்றைக்கு நீங்கள் சொன்னது இந்த அரங்கு முழுவதும் கேட்டது.

தூக்கி வந்த நாலு பேருக்கும், காது கொடுத்த அத்தனை பேருக்கும் நன்றி. என்னை இறக்கும்போது எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்வேன்; அதன்படி பிடியுங்கள். வணக்கம்.