கம்பெனி செட்டா, வெளி செட்டா

கார் ரேடியோவை மாற்ற நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கார் கம்பெனி செட்டையே வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் பட்டன்கள் ஒழுங்காக வேலை செய்யும், வயரை வெட்ட வேண்டியதில்லை, வாரண்டியும் போகாது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறவன் நான். எதையும் சோதிக்காமல் வாங்க மாட்டேன்.

என் மனைவி ரமணியின் காருக்கு மட்டும் வெளி செட் வாங்கினேன். அதற்குக் காரணம் இருந்தது, இன்ஸ்பெக்டர்.

ரமணி கரங்கானில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை அரை நாள்தான். ஆனால் வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். கேட்டால் பாசாரில் கூட்டம் என்பாள், மழை என்பாள், வழியில் லாரி கவிழ்ந்துவிட்டது என்பாள். எல்லாமே நம்பும்படியாக இருந்தன. அதுதான் எனக்கு உறுத்தியது. உண்மை பேசுகிறவர்கள் எங்காவது தடுமாறுவார்கள்.

"உன் காருக்கு மேப் வச்ச ரேடியோ போடலாம்" என்றேன்.

"எதுக்குங்க அதெல்லாம்? போனைப் பாத்துப் போய்க்கிறேன்லா" என்றாள்.

நல்ல பொருளை ஒருத்தி எதற்காக வேண்டாம் என்கிறாள்? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கூலிம் டவுனில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ஹசன் அண்ணன் இரண்டு செட்டையும் எடுத்துக் காட்டினார்.

"கம்பெனி செட்டே எடுங்க தம்பி. மேப்புல யாரும் கை வைக்க முடியாது. தங்கச்சி ஓட்டுற காருதானே, தொல்லை இருக்காது."

"இந்த வெளி செட்?"

"இதுல சிம் போடலாம். கார் எங்க நிக்குதுன்னு உங்க போன்ல தெரியும். மைக் இருக்கு, உள்ள பேசுறதும் கேக்கும். மேப்புல இல்லாத ரோட்டை நாமளே வரைஞ்சுக்கலாம். தோட்டத்துக்காரங்க அதுக்குத்தான் வாங்குறாங்க." செட்டைக் கீழே வைத்தார். "தங்கச்சிக்குச் சொல்லிட்டீங்கதானே?"

"திருட்டுப் பயத்துக்குத்தான் அண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. செட்டை மாட்டிக் கொடுத்தார். அவர்மேல் தவறில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கார் பாடாங் மேஹா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நின்றது. போனைக் காதில் வைத்தேன். ஓர் ஆண் குரல், "வா ரமணி, தே தண்ணி ஆறிடப் போகுது" என்றது. ரமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை. "இருங்கண்ணே, வர்றேன்" என்றாள். அண்ணே என்ற சொல்லை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? ரொட்டி சானாய் போடுகிறவரையும்தான் அண்ணே என்கிறோம்.

அவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் விக்னேஸ்வரன் என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். போதைப்பொருள் வழக்கில் உள்ளே போய் வந்த ஆள் என் வாசற்படி மிதிக்கக் கூடாது, நீயும் போய்ப் பார்க்கக் கூடாது என்று கல்யாணத்தின்போதே சொல்லியிருந்தேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவர் முகத்தையோ குரலையோ நான் அறியேன். அப்படியிருக்க, பிழை என்னுடையதா? என்னிடம் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

பல வாரங்கள் போனில் இப்படிக் கேட்டேன். பிறகு ஒரு நாள் அந்தக் குரல், "வேற தோட்டத்துக்கு மாறிட்டேன்மா. இடத்தை அனுப்புறேன், மேப்பைப் போட்டுக்கிட்டு வந்துடு" என்றது. அந்த இடத்தை அவள் செட்டில் பதிந்து வைத்தாள். என் போனிலும் அது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் அங்கே போய்ப் பார்த்தேன். சரியான பாதைக்கு முன்னாலேயே இன்னொரு செம்மண் பாதை பிரிகிறது. செம்பனை மரங்களுக்கு நடுவே நேராகப் போய், ஒரு திருப்பத்தில் சட்டென்று இறங்கி, ஈயம் தோண்டிய பழைய குட்டையில் முடிகிறது. வேலி கிடையாது. விளிம்பை லாலான் புல் மறைத்திருந்தது. வீடு திரும்பி, ரமணி குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் கார் செட்டில் அந்தப் பாதையைக் குட்டையின் மேலேயே அக்கரைவரை நீட்டி வரைந்தேன். குறுக்கு வழி என்று செட் உடனே அதை ஏற்றுக்கொண்டது. கம்பெனி செட்டில் இது நடக்காது.

அவளைச் சோதிக்கத்தான் நினைத்தேன். வழி தவறினால் யாரைக் கூப்பிடுவாள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பிற்பகல் நல்ல மழை. என் போன் அடித்தது.

"ஏங்க, ஒரு சினேகிதி வீட்டுக்குப் போறேன். இந்த மேப் தோட்டத்துக்குள்ள போகச் சொல்லுது. மழையில ஒண்ணுமே தெரியல. திரும்பிடவா?"

அவள் என்னைத்தான் கூப்பிட்டாள் என்பதைக் கவனித்தேன். ஆனால் சினேகிதி என்று பொய் சொன்னாள்.

"மேப் சரியாத்தான் காட்டும். நிறுத்தாம நேரா போ" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஆமாம், அந்தப் பாதை எங்கே முடிகிறது என்று தெரிந்தேதான் சொன்னேன். நான்தான் அவளைக் கொன்றேன்.

ஏன் உடனே யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் உள்ளே வந்த பிறகும் மைக் கொஞ்ச நேரம் வேலை செய்தது. கடைசி நேரத்திலாவது அந்த ஆளின் பெயர் அவள் வாயில் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. "ஏங்க, ஏங்க" என்று என்னையேதான் கூப்பிட்டாள். மைக் இருப்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாகும்போதுகூட ஒருத்தி இவ்வளவு நன்றாக நடிப்பாளா?