சம்மதித்த பயணி

வருகிறேன் என்று சொல்கிறவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் வருவதில்லை. இருபத்திரண்டு வருடம் என் பிழைப்பு அந்த நான்கு பேரை நம்பித்தான் ஓடியது.

நூற்றெண்பது பேர் உட்காரக்கூடிய விமானத்துக்கு நூற்றெண்பத்தேழு டிக்கெட் விற்போம். யாராவது தூங்கிவிடுவார்கள். யாருக்காவது காய்ச்சல் வரும். யாராவது மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வந்து தொலைத்தால்தான் சிக்கல். அப்போது யாரை இறக்குவது என்று பட்டியல் போட்டு அந்தந்த ஊர்க் கவுண்ட்டருக்கு அனுப்புவது என் வேலை. அலுவலக நாற்காலியில் இருந்தபடியே அனுப்பலாம். முகம் பார்க்க வேண்டியதில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள அந்த முகங்களில் பெரிதாக எதுவும் இருந்ததில்லை என்று கவுண்ட்டர் பெண்கள் சொல்வார்கள்.

விசாரணை அதிகாரி ஐயா, நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி. கையெழுத்தே போடாத ஒரு பயணி மனமுவந்து தன் இடத்தை விட்டுக்கொடுத்ததாகப் பதிந்தது யார்? நான்தான். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு மூன்று மாதமும் நான்கு கூட்டமும் தேவைப்பட்டதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தப் பயணி என் தம்பி என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. பதிந்தது நான் என்பது அவனுக்கும் தெரியாது.

எல்லாக் கவுண்ட்டரிலும் ‘பயணிகளின் உரிமைகள்’ என்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே, அதை எழுதியதும் நான்தான். முதலில், விட்டுக்கொடுக்க யார் தயார் என்று கேட்க வேண்டும். ஆள் போதாவிட்டால் கடைசியாக வந்தவரை இறக்க வேண்டும். நோயாளியின் மேலோ, சாகக் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர் மேலோ கை வைக்கக் கூடாது. இறக்கியவரை அடுத்த விமானத்திலேயே ஏற்றி, நஷ்டஈடும் தர வேண்டும். தானாக விட்டுக்கொடுத்தவருக்கு இதெல்லாம் கிடையாது. எதற்குச் சம்மதித்தாரோ அதுதான் அவருக்கு. இதை எவரும் படித்ததில்லை. அந்தக் கண்ணாடியின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் “எங்க உரிமை என்ன?” என்று கத்துவார்கள்.

அம்மா தம்பியைத் துரை என்று கூப்பிடுவாள். வெளிநாட்டில் பெரிய வேலை. ஒன்பது வருடமாக “அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மாதமும் அம்மா அவன் அறையின் தலையணை உறையை மாற்றச் சொல்வாள். மாற்றியவள் நான். அவளைப் புரட்டிப் படுக்க வைத்ததும், முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டதும் நான். கஞ்சி கொஞ்சம் சுட்டுவிட்டால், “துரையா இருந்தா ஆற வெச்சுக் குடுத்திருப்பான்” என்பாள். துரை வாழ்க்கையில் ஆறப்போட்டது தன் பயணத்தை மட்டும்தான்.

இன்னும் இரண்டு நாள் என்று டாக்டர் கையை விரித்தபோது அவனுக்குத் தகவல் சொன்னேன். உடனே கிளம்பினான். அந்த ஊரிலிருந்து இங்கே வருவது எங்கள் கம்பெனி விமானம் மட்டும்தான். காலை பத்து மணி விமானத்துக்கு ஆறு மணிக்கே வந்து நின்றான். வாழ்நாளில் முதல் தடவையாக, எல்லோருக்கும் முன்னால்.

அன்று நூற்றெண்பத்து மூன்று பேர் வந்தார்கள். ஓட்டல் அறைக்கும் இலவச டிக்கெட்டுக்கும் ஆசைப்பட்டு இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். மூன்றாவதாக இறங்க வேண்டியவர், கடைசி நிமிடத்தில் ஓடி வந்த ஒரு வியாபாரி. அவர் பெயரை மேலே ஏற்றி, தம்பி பெயரைக் கீழே இறக்கினேன். திரையில் ஒரு வரியை இழுத்து இன்னொரு வரிக்குக் கீழே விடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கவுண்ட்டர் பெண் கூப்பிட்டாள்.

“மேடம், இவரு நகர மாட்டேங்கிறாரு. அம்மா சாகக் கிடக்கிறாங்கன்னு அழறாரு.”

“சீட்டு இல்லேன்னா எல்லாருக்கும் அம்மா சாகத்தான் கிடப்பாங்க. நீ புதுசு, போகப் போகத் தெரியும்.”

“டாக்டர் லெட்டர் காட்டுறாரு மேடம்.”

“போன்ல எதை வேணும்னாலும் காட்டலாம்மா. அவரே விட்டுக்கொடுத்துட்டார்னு நான் இங்க பதிஞ்சுக்கிறேன். நீ கதவைச் சாத்து.”

அந்தக் கடிதத்தை முந்தின நாள் அவனுக்கு அனுப்பியது நான்.

அடுத்து அவனே கூப்பிட்டான். “அக்கா, உன் கம்பெனிதானே. யார்கிட்டயாவது சொல்லேன்.”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி. மதியம் ஒரு ஃப்ளைட் இருக்கு, பாக்கறேன்.”

பார்த்தேன். ஆறு இடம் இருந்தது. விற்பனையை மூடிவிட்டு, அவனை மறுநாள் காலை விமானத்தில் போட்டேன். அந்த ஆறும் காலியாகவே வந்து இறங்கின.

மதியம் வீட்டுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“துரை வரலம்மா. ரெண்டு டிக்கெட் இலவசமாத் தர்றேன்னாங்களாம். சீட்டைக் குடுத்துட்டு நின்னுட்டான்.”

இவ்வளவு பாடும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது அவனை அவள் உள்ளபடி பார்க்க வேண்டும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள்.

“கெட்டிக்காரப் பிள்ளை” என்றாள். “அந்த டிக்கெட்டுல பேரப் பிள்ளைங்களையும் கூட்டியாந்துருவான் பாரு. நீயா இருந்தா ஏமாந்து வந்து நின்னிருப்ப.”

மறுநாள் காலை எட்டு மணி. அவன் விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. அம்மாவுக்குப் பார்வை போயிருந்தது. கையால் காற்றைத் துழாவினாள்.

“துரையா? வந்துட்டியா?”

“வந்துட்டேம்மா” என்றேன், குரலைத் தாழ்த்தி.

கையைத் தூக்கினாள். கொண்டை தட்டுப்படாமல் இருக்கக் குனிந்து நெற்றியைக் கொடுத்தேன். முன்னுச்சியில் மெதுவாக, திரும்பத் திரும்ப வருடினாள். அவளுக்கு அப்படி ஒரு வருடல் தெரியும் என்பதே எனக்கு ஐம்பத்தோரு வயதில்தான் தெரிந்தது. பிறகு கை நின்றது.

அம்மாவின் கடைசி நிமிடங்களைத் திருடிவிட்டீர்கள் என்று தம்பி தன் புகாரில் எழுதியிருக்கிறான். அதற்கு எவ்வளவு விதிக்கிறீர்களோ, என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வருடலில் அவனுக்குப் பங்கு கேட்டு வராதீர்கள். அது எனக்குக் கிடைத்தது. அவள் தொட்டது என் தலையைத்தான்.