அச்சில் பொய் வரக்கூடாது

டீ கொடுத்ததற்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் குறைச்சல்தான், பரவாயில்லை. டீ வந்ததே எனக்குப் பெரிய நிம்மதி. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பேனா மக்கர் செய்தால் என் சட்டைப் பையில் இருந்ததை வரவழையுங்கள், அது உங்கள் ஆட்களிடம்தான் இருக்கிறது.

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அதைவிட முக்கியமாக, என்னைப் போலக் கற்றுக்கொடுக்கிற மற்றவர்களுக்கு, அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறவன். எங்கள் தொழிலுக்கென்று ஒரு மாத இதழ் இருக்கிறது. ஊர் ஊராக, பயிற்சிப் பள்ளிகளின் ஓய்வறைகளில் கிடக்கும். கறை படியாத பிரதியை நான் பார்த்ததில்லை. அதன் கடைசிப் பக்கம் என்னுடையது.

முதல் கட்டுரை, பறக்கும்போது மாணவன் வாந்தி எடுத்தால் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும் என்பது. மூக்கைப் பொத்தாதீர்கள், அவன் மனம் நொந்துவிடும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து மேகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று எழுதியிருந்தேன். இதழின் எடிட்டர் போனில் கூப்பிட்டார்.

"சார், பிரமாதம். ஒண்ணே ஒண்ணு. நடந்ததை மட்டும் எழுதுங்க. கதை விட்டா நம்ம ஆளுங்க மோப்பம் பிடிச்சிடுவாங்க."

வாக்குக் கொடுத்தேன். இந்த வழக்கின் ஆரம்பம் அதுதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், இதழ் அச்சுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே கட்டுரை எடிட்டர் கைக்குப் போய்விட வேண்டும். என் மாணவர்களுக்கோ எதுவுமே நடப்பதில்லை. ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு எழுத விஷயம் கிடைக்காது, ஐயா. இந்தக் கொடுமை வெளியாட்களுக்குப் புரியாது.

அதனால் இரண்டாவது கட்டுரையைச் சம்பவத்துக்கு முன்பே எழுதிவிட்டேன். ஓடுபாதையை விட்டு எழும்பும்போது கதவு திறந்துகொண்டால் என்ன செய்வது. "சமீபத்தில் என் மாணவர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது, அவர் சிரித்தபடியே சமாளித்தார்" என்று முடித்திருந்தேன். அனுப்பிய பிறகு தூக்கம் வரவில்லை. அச்சில் ஒரு பொய் வரப்போகிறதே என்று புரண்டுகொண்டே இருந்தேன். மறுநாள் ஒரு மாணவனுடன் கிளம்பும்போது அவன் பக்கத்துத் தாழ்ப்பாளைச் சரியாகப் போடாமல் விட்டேன். எல்லோரும் அவனை 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவோம், தரையில் ஓட்டும்போது எதைப் பார்த்தாலும் பிரேக்கை மிதிப்பான். கதவு திறந்தது. எழுதியது எழுதியபடியே நடந்தது. அவன் மட்டும் சிரிக்காமல் அழுதான். சிரிக்கச் சொன்னேன். சிரித்தான்.

அன்று நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. ரேடியோ ஊமையானால் என்ன செய்வது என்று எழுதிவிட்டு, ரேடியோவை ஊமையாக்கினேன். கண்ணாடியில் கழுகு மோதினால் என்று எழுதிவிட்டு, ஓடுபாதை ஓரத்தில் தானியம் இறைத்தேன். கழுகு தானியம் தின்னாது என்பது அப்போது தோன்றவில்லை. வந்தது புறா. அச்சேறுவதற்குள் கழுகைப் புறாவாக்கச் சொல்லி எடிட்டருக்குத் திருத்தம் அனுப்பினேன். நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள அந்த ஒரு விஷயம் போதும்.

என் மனைவிதான் என் முதல் வாசகி. சாப்பாட்டு மேஜையில் சிவப்பு மையோடு உட்கார்ந்தால், ஒற்றெழுத்து விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அச்சுக்குப் போகும் முன் அவள் பார்த்துக் கொடுத்தால்தான் எனக்குத் திருப்தி. ஒருநாள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, நீங்க எழுதினா அப்படியே நடக்குதே. எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது நல்லதா எழுதக் கூடாதா?"

"பிரச்சினையே இல்லாத விஷயத்துக்கு யாரும்மா வழி கேப்பாங்க?" என்றேன்.

அவளுக்கு அது சமாதானமாகவில்லை. தன் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். என் மச்சானும் எங்கள் பள்ளியிலேயே பயிற்சியாளர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், தங்கையைக் கொடுத்ததும் அவர்தான். நல்ல மனிதர். மூக்கால் பாடிக்கொண்டே விமானத்தைச் சுற்றி வருவார். தங்கை சொன்னதைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. அச்சுக்குப் போகிற கட்டுரையை அவளிடம் வாங்கிப் படித்துவிட்டு, அந்த மாதம் முழுவதும் என் பின்னாலேயே வந்தார். நான் திறந்து வைத்ததை மூடினார், தளர்த்தியதை முறுக்கினார். யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"தங்கச்சி முகத்துக்காகப் பாக்கறேன் மாப்ள. இதோட நிறுத்திக்குங்க," என்றார்.

நிறுத்துவது என் கையில் இல்லையே. கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. அந்த மாதம் எதுவும் நடக்கவில்லை. முதல் முறையாக என் பெயரில் ஒரு பொய் வெளிவந்தது. சென்ற இதழில் சொன்ன சம்பவம் நடைபெறவில்லை என்று நானே வருத்தக் குறிப்பு எழுதி அனுப்பினேன். எடிட்டர் அதைப் போடவில்லை. "யார் சார் கவனிக்கப் போறாங்க?" என்றார். நான் கவனித்தேன். அடுத்த மாதமும் அதே கதைதான். ஒரு மனிதனைப் பத்திரிகையில் பொய்யனாக்குவது என்றால் என்னவென்று என் மச்சானுக்குப் புரியவே இல்லை. அவரை நான் வெறுக்கவில்லை, ஐயா, அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் இருக்கும்வரை என்னால் உண்மையை எழுத முடியாது, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த கட்டுரையை எழுதினேன். சக பயிற்சியாளர் ஒருவர் தனியாகப் பறந்து போய்த் திரும்பி வராவிட்டால், மாணவர்களிடம் அதை எப்படிச் சொல்வது. என் கட்டுரைகளிலேயே சிறந்தது அதுதான்.

மனைவி படித்தாள். "யாருங்க இது, திரும்பி வராதவர்?"

"பொதுவா எழுதினது."

"அவருக்கு ஒரு தங்கச்சி இருக்கான்னு போட்டிருக்கீங்களே."

"கொஞ்சம் உருக்கம் வேணும்ல."

"கடைசில அவர் வந்துடற மாதிரி மாத்திடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"இடம் பத்தாதும்மா," என்றேன். உண்மையிலேயே இடம் இல்லை. ஒரு பக்கம்தான் தருகிறார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டு எச்சரித்திருக்கிறாள். விமானத்தைப் பழுதுபார்க்கப் பக்கத்து ஊருக்கு அவர் தனியாகக் கொண்டுபோக வேண்டிய நாள் வந்தது. அவர் வருவது தெரிந்து நான் கதவுப் பக்கமாகவே நின்று தாழ்ப்பாளை நோண்டிக்கொண்டிருந்தேன். அவரும் அந்தக் கதவையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார்.

"இந்த மாசமும் உங்க கட்டுரை புஸ்ஸுதான் மாப்ள," என்று சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

கதவில் எந்தக் கோளாறும் இல்லை. வேறு இடத்தில் நான் செய்தது உங்கள் பொறியாளர்களின் அறிக்கையில் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று நான் விளக்க மாட்டேன், பொறுப்புள்ளவன் எழுதுகிற விஷயமல்ல அது.

மாணவர்களிடம் நான்தான் சொன்னேன். கட்டுரையில் உள்ளபடி எல்லோரையும் உட்காரவைத்து, தண்ணீர் வைத்து, முதல் வாக்கியத்திலேயே உண்மையைச் சொன்னேன். எதிர்பார்த்த இடத்தில் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. அது கட்டுரையில் இல்லை, இருந்தாலும் வந்தது. பிரேக் மட்டும் அழவில்லை. "சார், இதைத்தான் காலைல ஓய்வறையில படிச்சேன். அவர் கிளம்பறதுக்கு முன்னாடி," என்றான். அந்த மாதம் இதழ் முன்கூட்டியே வந்துவிட்டது. அது அச்சகத்தின் தவறு.

பையன் உங்களிடம் வருவான் என்று தெரியும். அதனால் அன்றைக்கே அடுத்த கட்டுரையைத் தொடங்கிவிட்டேன். விசாரணை அதிகாரியிடம் பயிற்சியாளர் உண்மையைச் சொல்வது எப்படி. அதிகாரி டீ வரவழைப்பார், அவர் கேட்காமலே நான் எல்லாவற்றையும் சொல்வேன், கையெழுத்துப் போடுவேன் என்று எழுதியிருந்தேன். எல்லாம் சரியாக வந்துகொண்டிருக்கிறது. கடைசிப் பத்தி மட்டும் இன்னும் நடக்கப் பாக்கி. அதில் மனைவி மாற்று உடையோடு வருகிறாள், "உண்மையைச் சொல்லிட்டீங்களே, அது போதும்" என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

அவள் இன்னும் வரவில்லை. இதழ் வருவதற்குள் நீங்கள் ஒரு போன் போட்டுச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

இந்தக் கட்டுரையையும் வழக்கம்போல அவள் முன்னால் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தபோது அவள் வீட்டில் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பேனா மூடாமல் கிடந்தது. மற்ற எதிலும் கை வைக்காமல், அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் தாள் கிழியும் அளவுக்குச் சிவப்பு மையால் அடித்திருந்தாள். எவ்வளவு தேடியும் அதில் ஒரு பிழைகூட எனக்குத் தெரியவில்லை, அதனால் அப்படியே திரும்ப எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.