பதினாலாம் புள்ளி

ஒரே ஒரு மலையில ஒரே ஒரு ராசா இருந்தாராம்னு சொன்னா கேக்குறவங்க உம் கொட்டுவாங்க. எங்க எட்டாம் நம்பர் மலையில ராசா எல்லாம் இல்லைங்க மிஸ், நாப்பது புள்ளிதான் இருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்ன, ஒங்கள மாதிரியே மண்ணு பாக்க வந்த ஆபிசரு, ஸப்ரி சேரு, மேப்புல வச்சுட்டுப் போன புள்ளி.

ஆமா, அப்பவும் நாந்தான் கம்பி தூக்கினேன். இந்திரகுமாருன்னு பையில எழுதியிருக்குமே, அது நான்தான். போன்ல நீலப் புள்ளி வந்து நிக்கிற எடத்துல கம்பியத் திருகி, மண்ண எடுத்து, பையில போட்டு நம்பர் எழுதணும். சேருக்கு அட்டைன்னா உசுரு போயிரும். பாதி மலைக்கு மேல வரல. வேனுக்குள்ள இருந்துக்கிட்டு, தம்பி நீங்களே எடுத்துட்டு வாங்கன்னுட்டாரு. சிரிக்காதீங்க, ஒங்க சொக்ஸுலயும் ரெண்டு நிக்குது.

அவசரமில்ல, ஒக்காருங்க. பதினாலு இதுதான். மேப்புல கடும் பச்சை, மண்ணு தங்கம்னு சொன்னீங்கல்ல? பாருங்க, வெறும் சல்லிக்கல்லு. என் வீட்டுக்காரி விஜயகலா பதிமூணு வருசமா இந்த நெரையிலதான் கொழுந்து எடுத்தா.

அவளா? குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா. நேத்துதான் ப்ளைட். இருக்கட்டும் மிஸ், அதுக்கென்ன.

ஸப்ரி சேரு வர்றாருன்னதுமே ஒரு பேச்சு வந்துச்சுங்க. மேப்புல செவப்பா வர்ற எடத்தையெல்லாம் புடுங்கிட்டு கறுவாப்பட்டை மரம் போடப் போறாங்க, அந்த மலை ஆளுங்களுக்கு வேலை இல்லேன்னு. யாரு சொன்னான்னு கேட்டா யாருக்கும் தெரியாது. லயத்து வீடு பூரா அதே பேச்சு. செவப்புன்னா சத்தில்லாத மண்ணு, உரம் கூடுதலாப் போடுவாங்க, பச்சைன்னா போடத் தேவையில்லேங்கிறத எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல.

பத்தாம் நம்பர் மலை செவப்பு. போய்ப் பாருங்க, கொழுந்து பொங்குது. இங்க ரெண்டு வருசமா ஒரு புடி உரம் விழல. பீல்ட் ஆபிசரு மேப்பப் பாத்து சிங்களத்துல ஹொந்தய், நல்லது நல்லதுன்னு தலையாட்டிட்டு, நல்ல மண்ணுதானேன்னு ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்துல ரெண்டு கிலோ கூட்டிட்டாரு. கொழுந்து எங்க இருக்கு எடுக்க? கிலோ கொறைஞ்சா அரைப் பேரு. நாள் முழுக்க மலையில நின்னாலும் அரை நாளுன்னுதான் போடுவாங்க. வாரத்துல நாலு நாள் அவளுக்கு அரைப் பேரு. கங்காணி, ஒனக்குக் கை ஓடல விஜயா, வயசாயிருச்சுன்னாரு. அவளும் அதையே நம்பிட்டா. அடுப்படியில ஒக்காந்து வெரல மடக்கி மடக்கிப் பாப்பா. என் கை செத்துப் போச்சுங்கன்னுவா. நான் தேத்தண்ணியக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவேன்.

மிஷின் பிழையா? அப்புடி எழுதாதீங்க மிஸ். மிஷின் சரியாத்தான் பாத்திருக்கு. அந்தப் பையில இருந்தது இந்த மண்ணே இல்ல. எங்க ஆட்டுப்பட்டி மண்ணு, புழுக்கை ஊறினது. பதிமூணும் பதினஞ்சும் கூட அதுதான். அவ மலை செவப்பாகிறக் கூடாதுன்னு முந்தின நாளே சாக்குல அள்ளி வச்சிருந்தேன்.

அவகிட்டயா? சொல்லல. நேத்து எயார்போட் வேன்ல ஏறி ஒக்காந்தும் வெளிய பாக்கல அவ, கையத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தா. சொல்லியிருந்தா நின்னிருப்பா.

எழுதிட்டீங்களா? சரி. மழ இருட்டிக்கிட்டு வருது, நீங்க எறங்குங்க. வழுக்கும், செடியப் புடிச்சுக்கங்க. இல்ல மிஸ், மண்ணுப் பைய நீங்களே கொண்டு போங்க. என்கிட்டத் தராதீங்க.