ஏழாவது கணினிக்குப் பாலிசி போடாதது பற்றி

என் பெயர் தரணீதரன். வயது 28. தகப்பனார் பெயர் ஆறுமுகசாமி. சொந்த ஊர் கொமரலிங்கம். தற்போது அனுப்பர்பாளையத்தில் வாடகை அறையில் தங்கி, அங்குள்ள பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். யாரும் கூப்பிடாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் ஒரே சர்வருக்குள், அறைக்கு ஒன்றாக, மென்பொருளாலேயே ஆன ஏழு மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. சென்ற ஆயுத பூஜைக்கு மறுநாள் அவற்றில் பாதுகாப்பு மென்பொருளை இயக்கி வைத்தேன். இயக்கினால் மட்டும் போதாது, எதைத் தடுக்க வேண்டும் என்கிற பாலிசியை ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக ஒதுக்க வேண்டும். ஏழுக்கும் ஒதுக்கினேன். அதன் பிறகு, துணி வெட்டும் அளவுகள் உள்ள பேட்டர்ன் அறையின் ஏழாவது கணினியில் கோப்புகள் திறக்கத் தாமதமானதால், முதலாளி ஆத்தப்பன் அவர்கள், "ஷிப்மென்ட் போற வரைக்கும் அதை எடுத்து உடு கண்ணு" என்றார். எடுத்துவிட்டேன். திருப்பூரில் ஷிப்மென்ட் என்றைக்கு முடிந்தது? ஒன்று போனால் அடுத்தது வந்தது. நான் திரும்பப் போடவில்லை.

பேட்டர்ன் மாஸ்டர் அந்தோணிராஜ் தெற்கத்திக்காரர். "நம்ம மெஷினுக்கு அதத் திருப்பிப் போட்டுட்டியாடே?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் "போட்டாச்சுங்ண்ணா" என்றேன். சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு ஜனவரி 20 காலை, சரக்கு வாங்கும் பையர் அனுப்பியது போல வந்த வைரஸ் மின்னஞ்சலை அவர் திறந்ததும், பதினோரு வருடமாக அவர் போட்ட பேட்டர்ன்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. வைரஸ் எங்கிருந்து வந்தது என்று முதலாளி கேட்டதற்கு, "மாஸ்டர் மெஷின்ல இருந்துதானுங்க" என்றேன். அது பாதி உண்மை. வேறு கம்பெனிக்குப் போகப்போவதாக மாஸ்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். போகிற மாஸ்டர் பேட்டர்னைக் கெடுத்துவிட்டுத்தான் போவார் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புகிற பேச்சு. முதலாளி மாஸ்டர் மீது புகார் கொடுத்தார்.

மறுநாள், காவலர்கள் வருவதற்கு முன், பயத்தில் ஏழாவது கணினிக்கும் பாலிசியைத் திரும்ப ஒதுக்கி, பாதுகாப்பு இருப்பதாகக் காட்டும் பச்சைக் குறி வரவைத்தேன். பாதுகாப்பு இருந்தும் இப்படி நடந்ததென்றால் மாஸ்டர் தெரிந்தே செய்திருக்கிறார் என்று ஆகிவிட்டது. விசாரணையில் அவரும், "தரணி எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தான், அவன் மேல தப்பில்ல" என்று சொன்னதாக அறிந்தேன். நான் சொன்னதை நம்பி என்னைக் காப்பாற்றப் பேசியது அவருக்கே எதிராக முடிந்தது. ஒன்பது நாளாக அவர் சிறையில் இருக்கிறார். நான் தினமும் வேலைக்குப் போய் வந்தேன்.

நேற்று மாலை அவர் மனைவி கம்பெனி கேட்டில் எனக்காகக் காத்திருந்து, "கம்ப்யூட்டர் விவரம் தரணிக்குத்தான் தெரியும், அவன் வந்து சொன்னா விட்டுருவாங்கன்னு அவுக சொல்லச் சொன்னாக தம்பி" என்றார். நான் கேட்டுக்குள் திரும்பிப் போய் பாலிசிப் பதிவை அச்செடுத்தேன்.

ஏழாவது கணினிக்குப் பாலிசியை நான் திரும்ப ஒதுக்கிய தேதியும் நேரமும் உள்ள அந்தப் பதிவை இத்துடன் ஒப்படைக்கிறேன். புகாருக்கு மறுநாள் தேதிதான் அதில் உள்ளது. பூட்டிய கோப்புகளை இனி யாராலும் திறக்க முடியாது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, இந்த முறை பொய் இல்லை.

(ஒப்பம்)
ஆ. தரணீதரன்